நாலாவது அட்மிஷன்

“கூப்பிடுவாக, உக்காருங்க” என்று பியூன் சொல்லிவிட்டுப் போய் வெகுநேரம் ஆனதுபோலவும் இப்போதுதான் சொன்னதுபோலவும் ஆறுமுகநயினாருக்கு இருந்தது. வங்கிக்குள் ஏசி காற்று சரியாக அவர் பிடரிக்கு நேரே ஊதிக்கொண்டிருந்தது. நகர்ந்து உட்காரலாம், ஆனால் மூன்று நாற்காலிகளையும் ஒரே இரும்புத் தண்டில் பற்றவைத்திருந்தார்கள். அடுத்ததில் சீனியம்மாள், அதற்கடுத்ததில் அவள் மகள் செண்பகா. அவர் அசைந்தால் மூன்று பேரும் அசைய வேண்டும். அசைந்தால் அந்த அம்மாள் திரும்பிப் பார்ப்பாள், பார்த்தால் சிரிப்பாள், காலையிலிருந்து அந்தச் சிரிப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. சிரிக்காதே தாயே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். மடியில் கறுப்புப் பை. பைக்குள் அந்தப் பெண்ணின் அசல் மதிப்பெண் பட்டியலும் டி.சி.யும். போன வாரம் அவர்கள் வீட்டிலிருந்து அதை வாங்கி வந்தவர் அவரேதான். ஆளைப் பிடித்ததும் முதல் காரியமாக அசலைக் கையில் வாங்கிவிட வேண்டும், அசல் நம்மிடம் இருந்தால் பிள்ளை வேறு காலேஜ் வாசலை மிதிக்காது. ஏப்ரல் மாதம் கான்பரன்ஸ் ஹாலில் உட்காரவைத்து வாத்தியார்களுக்கெல்லாம் நடத்திய பாடம் அது. கோவில்பட்டிக்குத் தெற்கே பொட்டல் நடுவில் நிற்கிற பொறியியல் கல்லூரியில் பத்து வருஷமாகக் கணக்கு நடத்துகிறவர் கடைசியில் கற்றுக்கொண்ட பாடத்தைப் பாருங்கள். பணம் எண்ணும் இயந்திரம் எங்கேயோ சடசடவென்று ஓடி நின்றது. யாருடைய பணமோ. மறுபடி ஓடியது.

நாலு தலை கொண்டுவர வேண்டும். பிள்ளைகளைத் தலை என்றுதான் வைஸ் பிரின்சிபால் சொல்வார், கூச்சமே படமாட்டார். ஆளுக்கு நாலு தலை, கொண்டுவராதவருக்குக் கோடைச் சம்பளம் கிடையாது, கொண்டுவந்த அன்று சாயங்காலமே மொத்தமும் கணக்கில் ஏறும். நயினார் மூன்று கொண்டுவந்துவிட்டார். இது நாலாவது. இன்றைக்குக் கடன் கையெழுத்தாகிவிட்டால் சாயங்காலம் சம்பளம் வரும். சம்பளம் வந்தால் வீட்டுக்காரருக்கு வாடகை பாக்கியைக் கொடுக்கலாம், கொடுத்தால் வீட்டுக்குப் போட்ட பூட்டைத் திறந்துவிடுவார், திறந்தால் சங்கரன்கோவிலுக்குப் போய் கோமதியையும் குழந்தையையும் அழைத்துவரலாம். கோமதி சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. “எங்கப்பா வீட்டுல கொஞ்ச நாள் இருக்கோங்க, சம்பளம் வந்ததும் வந்து கூட்டிட்டுப் போங்க” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். மாமனார் வீட்டில் குழந்தைக்குத் தனிக் கிண்ணம் வாங்கியிருக்கிறார்களாம். தனிக் கிண்ணம் வாங்கினால் தங்கிவிட்டது என்று அர்த்தம். நயினார் இப்போது ஸ்டாஃப் ரூமில் படுத்துக்கொள்கிறார், வாட்ச்மேனுக்குத் தெரியும், தெரியாததுபோல் காட்டிக்கொள்வான், அந்த மரியாதைதான் இன்னும் கொல்கிறது. வேறு கல்லூரிக்குப் போய்விடலாமே என்று மைத்துனன் கேட்டான். எப்படிப் போவது? அவருடைய எம்.எஸ்சி. சான்றிதழ், எம்.பில். சான்றிதழ், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வரை எல்லாம் கல்லூரி ஆபீஸ் பீரோவுக்குள் இருக்கிறது. வேலையில் சேரும்போதே அசலைக் கொடுத்துவிட வேண்டும், நடுவில் போகக் கேட்டால் மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்பார்கள். இல்லாத சம்பளத்தை எங்கிருந்து கட்டுவது. அவர் அசல் அவர்கள் பீரோவில், இந்தப் பிள்ளை அசல் அவர் மடியில். சட்டைப்பையில் போன் துடித்தது. எடுத்துப் பார்க்காமலே தெரியும், அட்மிஷன் குரூப். ‘நயினார் சார், நாலாவது என்னாச்சு?’

“சார், டீ குடிக்கிறீகளா? எதுத்தாப்புல கடை இருக்கு” என்று சீனியம்மாள் கேட்டாள்.

“வேண்டாம்மா. நீங்க இருங்க.”

“காலைல ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீக. மொகம் வாடிக் கெடக்கு.”

சாப்பிடவில்லைதான். எப்படிக் கண்டுபிடித்தாள்? சாப்பாடு என்றதும் அன்றைக்கு அவள் வீட்டில் கேட்ட கேள்வி மறுபடி வந்தது. ஒரு வாரமாக அது வந்துகொண்டுதான் இருக்கிறது. ஓட்டு வீடு, முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தார்கள். அவர் கல்லூரி விளம்பரப் புத்தகத்தின் பின்னட்டையில் பேனாவால் கணக்குப் போட்டுக் காட்டினார், எல்லா வீட்டிலும் போடுகிற அதே கணக்கு. நாலு வருஷத்துக்கும் சேர்த்து பேங்க் கடன் மூணு லட்சத்து அறுபதாயிரம். நாலு லட்சத்துக்கு உள்ளே இருப்பதால் ஜாமீன் கேட்க மாட்டார்கள். படித்து முடித்ததும் ஆரம்பச் சம்பளமே மாதம் முப்பதாயிரம். முப்பதைப் பன்னிரண்டால் பெருக்குங்கள் அம்மா, மூணு லட்சத்து அறுபது. பார்த்தீர்களா, ஒரே வருஷம், கடன் அடைந்தது, அதற்குப் பிறகு வருவதெல்லாம் உங்களுக்கு. வட்டியை அரசாங்கமே கட்டிவிடும். கணக்கு அவ்வளவு கச்சிதமாக வந்து உட்காரும்படி முப்பதாயிரம் என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்ததே நயினார்தான். போன வருஷம் மற்ற வாத்தியார்கள் இருபத்தைந்து என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஒரு வருஷத்தில் கடன் அடையாமல் மீதி நின்று கேட்பவர்களுக்கு இடைஞ்சலாக இருந்தது. இவர் போட்ட கணக்கைப் பார்த்து வைஸ் பிரின்சிபால் தோளில் தட்டினார். மொத்தக் கல்லூரியும் இப்போது இந்தக் கணக்கைத்தான் வீடு வீடாகப் போடுகிறது. அந்தப் பின்னட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு சீனியம்மாள், “அப்ப அந்த ஒரு வருசம் எம்பிள்ள சாப்பிட மாட்டாளா சார்?” என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நயினார் அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தார். சிரித்து முடித்து, கேள்வியை அப்படியே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மார்க் ஷீட்டைக் கேட்டு வாங்கினார்.

வட்டியை அரசாங்கம் கட்டும், எந்தக் கல்லூரிக்குக் கட்டும்? தரச் சான்று இருக்கிற கல்லூரிக்கு. இவர்கள் சான்று காலாவதியாகி இரண்டு வருஷம், புதுப்பிக்க வருகிற குழுவுக்குக் காட்ட ஆய்வுக்கூடத்தில் சாமான் இல்லை. ஆகவே வட்டி இவள் தலையில். படிக்கிற காலத்திலும் ஓடும், படித்த பிறகு ஒரு வருஷமும் ஓடும், ஐந்தாவது வருஷ முடிவில் மூன்று அறுபது நாலே முக்காலைத் தாண்டி நிற்கும், அதை ஏழு வருஷத் தவணையாக்கினால் மாதம் எட்டாயிரம். சம்பளம் என்ன? முப்பதா? ஓசூரில், ஸ்ரீபெரும்புதூரில் ஒப்பந்தத் தொழிலாளியாக எடுக்கிற கம்பெனிகள் பன்னிரண்டாயிரம் கொடுக்கின்றன, இன்ஜினியர் என்று அடையாள அட்டையில் இருக்கும், வேலை பெட்டி தூக்குவது. பன்னிரண்டில் எட்டு போனால் நாலு. நாலில் அறை வாடகை, சாப்பாடு, ஊருக்குப் பஸ். சாப்பிட மாட்டாளா சார்? சாப்பிட மாட்டாள் அம்மா. ஒரு வருஷம் இல்லை, ஏழு வருஷம். சரி, பதினைந்து கொடுத்தால்? பதினைந்தில் எட்டு போனால் ஏழு. பதினெட்டு கொடுத்தால்? யார் கொடுத்தார்கள் பதினெட்டு? இந்தப் பிள்ளை கெட்டிக்காரி, கணக்கில் தொண்ணூற்றேழு, இவளுக்குக் கொடுப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் ஒரு கெட்டிக்காரப் பிள்ளையைக் காட்டித்தான் அவர் மனசு அவரை ஏமாற்றியிருக்கிறது. போன வருஷம் வெளியே போன அறுபது பேரில் தேறியவர்கள் யார் என்று விரலை மடக்கினார். இரண்டு விரல் மடங்கியது. அந்த இரண்டு பேரும் எந்தக் கல்லூரியில் படித்திருந்தாலும் தேறியிருப்பார்கள், வீட்டிலேயே இருந்திருந்தாலும் தேறியிருப்பார்கள். மற்ற விரல்கள் நிமிர்ந்தே இருந்தன. பக்கத்தில் செண்பகா பார்த்துவிடப் போகிறாளே என்று கையைப் பைக்கு அடியில் மறைத்துக்கொண்டார்.

கல்லூரியில் படித்து வெளியே போன கொம்பையாவின் தாயார் அப்படித்தான் விரலை நீட்டிக் காட்டினாள், கல்லூரி வாசலில் நின்று, மேலே. மேலே பிளெக்ஸ் பேனர். அதில் கோட்டு போட்டுக் கொம்பையா, கழுத்துக்குக் கீழே கோட்டு கம்ப்யூட்டரில் போட்டது, பக்கத்தில் பெரிய எழுத்தில் ஆண்டுக்கு நாலரை லட்சம். ஒரு கம்பெனி கடிதம் கொடுத்தது வாஸ்தவம். பயிற்சிக்கு முன்பணம் கட்டச் சொன்னது, கட்டினான், பிறகு அந்தக் கம்பெனியின் போனே எடுக்கவில்லை. கொம்பையா சாத்தூரில் ஒரு பலசரக்குக் கடையில் பில் போட்டான், பேனரில் மட்டும் கோட்டு போட்டுக்கொண்டு வெயிலிலும் மழையிலும் நின்றான். கடன் வாங்கிய வங்கியிலிருந்து ஆட்கள் அவன் வீட்டுக்குப் போனார்கள். தவணை கட்ட வழியில்லை என்று தாயார் சொன்னதற்கு, காலேஜ் வாசலில் உன் மகன் படத்தைப் போட்டு நாலரை லட்சம் என்று எழுதியிருக்கிறதே, எங்களையா ஏமாற்றுகிறாய் என்று கேட்டுவிட்டுப் போனார்களாம். அதற்காக வந்தாள். வேலை கேட்டு வரவில்லை, பணம் கேட்டு வரவில்லை. “அந்தப் படத்த மட்டும் எறக்கிப் போட்டுருங்க சார், எம்புள்ள எங்கயும் போவ முடியல” என்றாள். பேனர் கமிட்டிக்குப் பொறுப்பு நயினார்தான். எழுதிக் கொடுங்கள் அம்மா, மேலே சொல்கிறேன் என்றார். எழுதத் தெரியாது என்றாள். தானே எழுதி அவளிடம் கைநாட்டு வாங்கி மேலே அனுப்பினார், மேலே இருந்தவர்கள், அடுத்த பேனர் அடிக்கும்போது பார்ப்போம் என்றார்கள், அடுத்த பேனருக்குப் படம் கிடைக்காததால் கொம்பையா இன்னும் அங்கேதான் இருக்கிறான். நயினார் தினமும் வண்டியில் அவனுக்குக் கீழே நுழைகிறார், ஹெல்மெட்டைக் கழற்றாமல் நுழைகிறார். இந்தப் பிள்ளைக்கும் நல்ல களையான முகம். பேனருக்கு எடுப்பாக இருக்கும் என்று நினைத்தவர், நினைத்தது தான்தானா என்று திடுக்கிட்டார்.

“சார், இன்ஜினியரிங்ல கணக்கு நெறைய வருமா?” செண்பகா தாயாரைத் தாண்டி எட்டிக் கேட்டாள்.

“வரும்மா. நாலு செமஸ்டர் வரும். நான்தான் எடுப்பேன்.”

“எங்க டீச்சர் சொன்னாக, கால்குலஸ்னு ஒண்ணு முழுசாவே வரும், ரொம்ப நல்லாருக்கும்னு.”

நல்லாருக்கும். அவள் சொன்ன விதத்தில், தின்பண்டம் ஒன்றைச் சொல்வதுபோல இருந்தது. இவளுக்கு அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணக்குக்கு இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் என்று பார்த்தால் ஒரு நல்ல சேலை விலை. அங்கே சேர இன்றைக்குக் கடைசி நாள், நாலு மணி வரைக்கும். அசல் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள், அசல் அவர் மடியில் இருக்கிறது, மணி இரண்டே முக்கால். இது அவருக்கு நேற்றே தெரியும், போன வாரமே தெரியும், அதனால்தான் கடன் விஷயமாக இன்றைக்கு நேரம் வாங்கினார். தந்திரம் என்று அவருக்கே சொல்லிக்கொள்ளாமல் செய்த தந்திரம். ஆனால் பி.எஸ்சி. கணக்கு படித்தால் மட்டும் என்ன ஆகிவிடும்? என்னைப் பார், நான் கணக்கு படித்தவன்தானே, எம்.எஸ்சி.யில் பல்கலைக்கழகத்தில் மூன்றாவது இடம், மூன்றாவது இடத்துக்காரன் ஸ்டாஃப் ரூமில் செய்தித்தாள் விரித்துப் படுக்கிறான். இவளும் கணக்கு படித்து இப்படித்தான் ஆவாள், கணக்கு யாருக்குச் சோறு போட்டது, அதற்கு இன்ஜினியரிங்கே மேல். அப்பாடா, ஒரு நியாயம் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அதுவும் கைவிட்டது. அவள் கணக்கு படித்து வேலையில்லாமல் இருந்தால் வேலையில்லாமல் இருப்பாள், அவ்வளவுதான். இதைப் படித்து வேலையில்லாமல் இருந்தால் நாலே முக்கால் லட்சத்தோடு வேலையில்லாமல் இருப்பாள். இரண்டும் ஒன்றா? பூஜ்யமும் மைனஸ் நாலே முக்காலும் ஒன்றா வாத்தியாரே? சீனியம்மாளின் புருஷன் ஆந்திராவில் முறுக்கு போடப் போனவன், ஆறு மாதமாக அவனிடமிருந்து போன் இல்லை, இந்த அம்மாள் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடைத்துக்கொண்டிருக்கிறாள், அவளும்தான் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போகிறாள், ஆட்கள் வந்தால் அவள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில்தான் அவர்களும் உட்காருவார்கள்.

குளிர் பிடரியிலிருந்து முதுகுக்கு இறங்கியது. எழுந்து தண்ணீர் குடிக்கப் போகலாம், குடித்துவிட்டு அப்படியே வெளியே, வண்டியை எடுத்துக்கொண்டு, எங்கே? பூட்டின வீட்டுக்கா, பிளெக்ஸுக்குக் கீழேயா, தனிக் கிண்ணம் வைத்திருக்கிற வீட்டுக்கா. நேற்று ராத்திரி குழந்தை போனில் பேசியது, அப்பா நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்று கேட்டது. எந்த ஊர் என்று சொல்லத் தெரியாமல், ஆபீசில் இருக்கேம்மா என்றார். ஒரு கையெழுத்து. உலகம் முழுக்க இப்படித்தான் நடக்கிறது, இவர் மட்டும் என்ன பெரிய யோக்கியன், மூன்று பேரைச் சேர்த்தபோது வலிக்காதது நாலாவதுக்கு ஏன் வலிக்க வேண்டும். வலித்தது. மூன்றுக்கும் வலித்தது, சம்பளம் வரட்டும் என்று ஒத்திப்போட்டார், இப்போது நாலுக்கும் சேர்த்து வலிக்கிறது, வட்டியோடு. சொல்லிவிட்டால்? சொன்னால் சம்பளம் போச்சு, வேலையும் போகும், அசலைத் தர மாட்டார்கள், கோமதி ஒன்றும் சொல்ல மாட்டாள், ஒன்றும் சொல்லாமல் குழந்தைக்குச் சங்கரன்கோவில் பள்ளிக்கூடத்தில் இடம் பார்ப்பாள். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. அதுதான் பயமாக இருந்தது, சொல்லாவிட்டால் ஒன்றுமே ஆகாது என்பது. சாயங்காலம் சம்பளம் வரும், பஸ் ஏறிப் போவார், அடுத்த ஏப்ரலில் மறுபடி நாலு தலை. மேனேஜர் அறைக் கதவு திறந்தது. உள்ளே இருந்த ஆள் வெளியே வந்து செருப்பை மாட்டினான். பியூன் இவர்கள் பக்கம் திரும்பினான். பியூன் வாயைத் திறப்பதற்குள் நயினார் பை ஜிப்பைத் திறந்திருந்தார், ஏன் திறந்தார் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவருக்கு விளங்கவில்லை.

“அம்மா, இத வாங்கிக்கிடுங்க” என்றார். பிளாஸ்டிக் உறைக்குள் மார்க் ஷீட்டும் டி.சி.யும். “இன்னைக்கு நாலு மணிக்குள்ள கவர்மெண்ட் காலேஜுல போய்ச் சேந்துருங்க. ஆட்டோ புடிச்சா போயிரலாம். இந்தக் கடன் வேண்டாம்.”

சீனியம்மாள் உறையைத் தொடவில்லை. சிரிப்பு அவள் முகத்தில் அப்படியே நின்றது, எடுக்க மறந்ததுபோல.

“நான் போட்டுக் காட்டுன கணக்கு தப்பும்மா. முப்பதாயிரம்லாம் யாரும் தர மாட்டாங்க. பன்னிரண்டு கெடச்சாலே பெரிசு. வட்டிய அரசாங்கம் கட்டாது, நீங்கதான் கட்டணும், மாசம் எட்டாயிரம், ஏழு வருஷம். கட்டலைன்னா வீட்டுக்கு ஆள் வரும். எங்க காலேஜுல படிச்ச புள்ளைக நெறையப் பேரு கடைகள்ல நிக்கிறாங்க. நான் சொல்றது புரியுதா?” நெஞ்சில் ஏதோ அடைப்பு எடுத்ததுபோல மூச்சு முழுசாக இறங்கியது. இத்தனை நாளில் முதல் தடவை. போகட்டும், எல்லாம் போகட்டும் என்று இருந்தது.

சீனியம்மாள் சுற்றிலும் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காதபடி கேட்டாள். “வேற யாரும் கூடப் போட்டுக் கேட்டுட்டாகளா சார்?”

“என்னம்மா?”

“ஒரே சீட்டுதான் இருக்கு, உங்களுக்காகப் புடிச்சு வச்சிருக்கேன்னு நீங்கதான சொன்னீக. இப்ப சர்ட்டிபிகேட்டத் திருப்பித் தாறீக. எங்க ஆபீசு கணக்கப்பிள்ள அப்பவே சொன்னாரு, கடைசி நேரத்துல பெரிய எடத்து ஆளு வந்தா நம்மளக் கழிச்சு விட்டுருவாக, உசாரா இருன்னு. எவ்வளவு சார் கூடத் தாராக?” அவள் கை மூக்குத்திக்குப் போனது. “நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. தனியா உங்களுக்கு என்ன உண்டோ நான் பாத்துக் குடுத்துருதேன்.”

“ஐயோ, அதில்லம்மா. யாரும் கேக்கல. சீட்டு எத்தனையோ காலியாக் கெடக்கு.”

“காலியாக் கெடக்குன்னா எங்களுக்கு ஏன் சார் இல்லன்றீக?”

ஒரு வருஷமாக அவரும் அவரைப்போல நூறு பேரும் சீட்டு போய்விடும், போய்விடும் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல வீட்டுப் பிள்ளைகளுக்கு எல்லாரும் எடுத்துக்கொள் என்றுதான் சொல்வார்கள், வேண்டாம் என்ற சொல் இந்த அம்மாள் பிறந்ததிலிருந்து அவளுக்கு மட்டும் சொல்லப்பட்ட சொல். அதை அவள் எப்படி நம்புவாள்? அவர் உண்மை என்று நினைத்துக் கொட்டியதெல்லாம் அவள் காதில், உன் தகுதிக்கு இது அதிகம் என்று விழுந்திருக்கிறது. செண்பகா எழுந்து வந்து அவர் முன்னால் நின்றாள். கண்ணில் நீர் கட்டி நின்றது, விழவில்லை.

“எம் மார்க்கு பத்தலையா சார்?” என்று கேட்டாள். “நான் நல்லாப் படிப்பேன் சார். லீவே போட மாட்டேன். என்னக் கழிச்சுராதீக சார்.”

“உனக்குக் கணக்குதானம்மா புடிக்கும். அங்க போனா நாள் பூராக் கணக்குதான்” என்று சொல்லப் பார்த்தார். பாதிதான் வந்தது. சீனியம்மாள் உறையை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கினாள். வாங்கிக்கொண்டாளே என்று அவர் ஒரு கணம் நிமிர்ந்தார். அவள் அதை அவர் பைக்குள் பத்திரமாகச் செருகி, ஜிப்பைத் தானே இழுத்து மூடினாள். “உங்ககிட்டயே இருக்கட்டும் சார்” என்றாள். “அம்மா, கூப்பிடுதாக” என்று பியூன் சொன்னான். அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, வேறு யாரும் முந்திவிடுவார்களோ என்று பயந்தவள்போல் விறுவிறுவென்று உள்ளே போனாள். இனி எழுந்து போய்விடலாம். பையைப் பியூனிடம் கொடுத்துவிட்டுப் போனால்? கால் அவர்கள் பின்னாலேயே போயிற்று. நான் சொல்லிப் பார்த்தேனே, சொன்னேனே, அவள்தான் கேட்கவில்லை என்று உள்ளே ஒரு குரல் அதற்குள் கணக்கை முடித்து அடிக்கோடு போட ஆரம்பித்திருந்தது. அந்தக் குரலில் நிம்மதி இருந்தது. சாயங்காலப் பஸ் எத்தனை மணிக்கு என்றும் அதே குரல்தான் யோசித்தது.

மேனேஜரம்மா களைத்திருந்தார். தாள்களைப் புரட்டிப் புரட்டிக் கையெழுத்துக்கு இடம் காட்டினார், செண்பகா ஆங்கிலத்தில் போட்டாள், சீனியம்மாள் ஒவ்வொரு எழுத்தாகத் தமிழில் போட்டாள், எங்கேயும் தயங்கவில்லை. போட்டு முடித்ததும் மேனேஜரம்மா கடைசித் தாளை நயினார் பக்கம் திருப்பினார்.

“நீங்க காலேஜ் ஸ்டாஃப்தானே? பத்திரம் பூரா இங்கிலீஷ்ல இருக்கு, அம்மா தமிழ்ல கையெழுத்துப் போட்டிருக்காங்க. எல்லாத்தையும் அவங்க பாஷையில விளக்கிச் சொல்லியாச்சு, அவங்களும் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு இந்த இடத்துல ஒருத்தர் போடணும்.” பேனாவை நீட்டினார். “வட்டி, தவணை, கட்டாட்டி என்ன ஆகும், எல்லாம் சொல்லிட்டீங்கள்ல சார்?”

முந்தைய மூன்று பேருக்கும் இதே இடத்தில், ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அப்போதெல்லாம் பேனா தடையில்லாமல் ஓடியது.

“எல்லாம் சொன்னாக மேடம்” என்றாள் சீனியம்மாள், அவரை முந்திக்கொண்டு. “ஒண்ணு விடாமச் சொன்னாக.”

“சொல்லிட்டேன் மேடம்” என்றார் நயினார். போட்டார். தாளை வாங்கி மேனேஜரம்மா முத்திரை குத்தினார்.

“ரொம்ப தேங்க்ஸ் சார்” என்றாள் செண்பகா.